பெரியவர் திருப்பிக் கேட்ட ஆட்டம்

ஸ்டியரிங் ஆட்டமாக இருக்கிறது என்று ஒரு பழைய கார் உங்கள் பட்டறைக்கு வந்தால், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆட்டத்தை எப்படி எடுப்பது என்று இதில் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் செல்போனில் பார்த்துக்கொள்வீர்கள். எடுத்த பிறகு எனக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். அதை எந்தச் செல்போனிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதிப் பழக்கமில்லை. ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். மங்கலத்தில் எங்கள் வீட்டில் தறி ஓடும் சத்தம் நின்றால்கூட என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து உட்காருகிற பிள்ளை. மெக்கானிக் ஆன பிறகு அது இன்னும் முற்றிவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால், காலையில் அனுப்பிய வண்டியின் வீல் நட்டை இறுக்கினோமா என்று நினைப்பு போகும். சோற்றுக்குள் விரல் தானாகத் திருகும். என் மனைவி பார்த்துவிட்டு, "எல்லா நட்டும் இறுக்கியாச்சுங்க, உங்குங்க" என்பாள். அவள் பட்டறைப் பக்கமே வந்ததில்லை.

எங்கள் பட்டறை வீரபாண்டியில், சாயப் பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. நானும் அந்தோணியும் கூட்டு. அந்தோணி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். பனியன் கம்பெனியில் வேலைக்கு என்று ஊரை விட்டு வந்து, தையல் மெஷின் முன்னால் உட்கார முடியாமல் வெல்டிங் கற்றுக்கொண்டவன். எனக்குப் பயம் எவ்வளவோ அவனுக்கு வாய் அவ்வளவு.

அந்த வண்டியைக் கொண்டுவந்தது பெரியவருடைய மகன். பெரியவர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியை ஆரம்பித்து நடத்தியவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கம்பெனியை மகன் கையில் கொடுத்துவிட்டார். காரை மட்டும் கொடுக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேலே கூரை இல்லாத, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம். வால்பாறையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து இளவயதில் வாங்கியதாம்.

"அண்ணா, எங்கப்பா இன்னும் இதத்தான் ஓட்டீட்டிருக்கறாருங்க. ஞாயித்துக்கெழமையானா கொமரலிங்கத்துல இருக்கற எங்க தென்னந்தோப்புக்குத் தனியா போயிட்டு வர்றாரு. போன வாரம் நான் சித்த நேரம் ஓட்டிப் பாத்தனுங்க. உசுரு போயி உசுரு வந்துச்சு. ஸ்டியரிங்கு ஒரு பக்கம் போகுது, வண்டி ஒரு பக்கம் போகுது. அவுரு எப்படித்தான் ஓட்டறாரோ தெரியலீங்க."

"அவருக்கும் வண்டிக்கும் என்ன பேச்சுவார்த்தையோ, நமக்கு என்ன தெரியும்" என்றான் அந்தோணி.

மகன் சிரிக்கவில்லை. "சரி பண்ணிக் குடுத்துருங்கண்ணா. அவுரு ஓட்ட வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஓட்டறதுன்னா நல்லபடியா ஓட்டட்டும்."

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமிருந்து வண்டியைப் பிடுங்க அவர் வரவில்லை. அப்பா தொடர்ந்து ஓட்ட வேண்டும் என்றுதான் வந்தார்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் திரும்ப வேண்டும். திருப்பியும் டயர் அசையாமல் வெறுமனே போகிற அந்த இடைவெளிக்குத்தான் நம் தொழிலில் ஆட்டம் என்று பெயர். அந்த வண்டியில் ஆட்டம் என் வாழ்க்கையில் பார்க்காத அளவுக்கு இருந்தது. ஸ்டியரிங் பெட்டிக்குள் நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. நேர் ரோட்டிலேயே ஓடிய வண்டிகளுக்கு அந்த இடம்தான் தேயும். பெட்டியை டயரோடு சேர்க்கிற பால் ஜாயின்டுகளும் போய்விட்டன. பெட்டிக்கான சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், காத்திருந்தோம்.

காத்திருந்த நாட்களில் பெரியவர் பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். கம்பெனி வண்டியில் வந்து இறங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் தன் காரைப் பார்த்தபடி உட்காருவார். எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையும் அக்குளுக்குள் போகும்படி இறுக்கிக் கட்டியிருப்பார். பேசும்போதும் பிரிக்க மாட்டார். அத்தனை பேருக்கு வேலை கொடுத்த மனிதர், க்ரீஸ் கறை படிந்த இரண்டு பேர் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குக் கூசும். மரியாதை என்றே நினைத்தேன். நம் ஊரில் பிறந்தவன் வேறு எப்படி நினைப்பான்?

"டீ சாப்பிடுங்கய்யா" என்பேன்.

"அங்க வெச்சுரு கண்ணு. ஆறட்டும்."

டீ ஆறும். ஆடை கட்டும். அப்படியே இருக்கும். எனக்கு அறுபதை ஒட்டிய வயது, மீசை நரைத்துவிட்டது, அவருக்கு நான் கண்ணுதான். அவர் போன பிறகு அந்தோணி அந்த டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கண்ணு, அடுத்த டீ எப்ப வரும்?" என்று என்னைக் கேட்பான்.

சாமான் வந்தது. வேலையை முடித்தோம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை தேடுவதே தொழிலாக இருக்கிற எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லடம் போகிற ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். காலியான இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போனது. ஒரு விரலை வைத்து லேசாகத் தள்ளினால் அந்தப் பக்கம் நகர்ந்தது. இத்தனை வயதான வண்டி இப்படிச் சொன்ன பேச்சு கேட்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தால் கூடவே ஒரு கலக்கமும் வரும். அன்றைக்கும் வந்தது.

பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை தாண்டியதும் திங்கட்கிழமை காலையிலேயே திரும்பி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"என்னத்தப் பண்ணி வெச்சே? வண்டி பாம்பாட்டம் நெளியுது. ஒரு பஸ்ஸுக்காரன் கண்ணாடிய எறக்கி என்னய வைதுட்டுப் போறான். இத்தன வருசத்துல ஒருத்தன் என்னய வைததில்ல."

ஏதோ ஒரு நட்டை விட்டுவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போனது. அந்தோணியை ஓட்டச் சொன்னேன். அவன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து என் காதோரம் சொன்னான்.

"வே, கோடு கிழிச்சாப்ல போவுது. அவரு என்ன சொல்லுதாரு?"

"நெளியுதுங்கறாரு."

"அப்ப ரோடுதான் நெளியுது. போயி ரோட்டச் சரி பண்ணும்."

வேறு வழி தெரியாமல் பெரியவரிடம், "நீங்க ஓட்டுங்கய்யா, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு ஏறி உட்கார்ந்தார். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன்.

மங்கலம் ரோட்டில் கம்பெனிகளுக்கு ஆள் போகிற நேரம். உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அந்த ரோடு ரோடாகவே இருக்காது. டிபன் பையோடு பெண்கள் கும்பலாக நடப்பார்கள், கம்பெனி வேன்கள் நினைத்த இடத்தில் நிற்கும், வடக்கத்திப் பையன்கள் செல்போனில் பேசிக்கொண்டே குறுக்கே வருவார்கள். நான் வண்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அடியில் ஏதாவது தட்டுகிறதா, உரசுகிறதா என்று. ஒன்றுமில்லை. ஆனால் வண்டியின் மூக்கு இடதும் வலதுமாக வெட்டிக்கொண்டே போனது. கொஞ்சம் கொஞ்சம்தான். ஆனால் நிற்காமல்.

ரோட்டோரம் நடந்து போன ஒரு வடக்கத்திப் பையன் மேல் வண்டி சட்டென்று சாய்ந்தது. அவன் சாக்கடைப் பக்கம் துள்ளிக் குதித்து, "அரே, தேக் கே சலாவோ!" என்று, பார்த்து ஓட்டச் சொல்லி இந்தியில் கத்தினான். என் கை என்னைக் கேட்காமலேயே போய் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டது.

பிடித்த கையில் தெரிந்தது. எஞ்சின் நடுக்கம் எனக்குத் தெரியும், டயர் நடுக்கம் தெரியும், பேரிங் போன நடுக்கம் தெரியும். இது எதுவுமில்லை. விட்டு விட்டு, சின்னதாக, உயிருள்ளது மாதிரி ஒரு நடுக்கம் ஸ்டியரிங் வழியாக என் விரலுக்கு வந்தது. நான் பிடித்திருக்கும்வரை வண்டி நேராகப் போனது. அப்புறம்தான் அவர் கைகளைப் பார்த்தேன். இத்தனை நாளில் அவற்றை நான் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். ஒரு வேப்பமர நிழல். எஞ்சினை நிறுத்தவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டார். இரண்டும் துள்ளிக்கொண்டிருந்தன.

"பாத்துட்டயா?"

"பாத்தனுங்க."

"மூணாவது மனுசன் பாக்கறது நீதான். டாக்டரு ஒருத்தரு, நானு, இப்ப நீ."

"ஊட்டுல தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா அடுத்த நாளே என்ற பையன் டிரைவரு போட்டுருவான். அவ இருந்திருந்தா மறைச்சிருக்க முடியாது. போயிச் சேந்துட்டா." மனைவியைச் சொன்னார். "வயித்துக்கு ஆகலைன்னு சொல்லி டீயை உட்டுட்டேன். சோறு தனியா உங்கறேன். கையெழுத்து வேணும்னு வந்தா, இனி எல்லாம் உன்ற பொறுப்புன்னு சொல்லிக் குடுத்துட்டேன். பெரிய மனசுங்கறாங்க ஊருல."

"மருந்து தர்லீங்களா டாக்டரு?" என்று கேட்டேன்.

"தந்தாரு. கொறையுமாம், நிக்காதாம்." கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழம அந்தத் தோப்புல போயி கையத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்பேன் கண்ணு. அங்க ஆடுனா ஆடீட்டுப் போகுது. தென்னமட்டையுந்தான் ஆடுது. அத யாரு பாக்கறா?"

பிறகு அவர் கேட்டதுதான் விஷயம்.

"பழைய ஆட்டத்தத் திருப்பி வெச்சுக் குடு. அதுக்குள்ள என்ற ஆட்டம் அடங்கிக் கெடந்துது. நீ அத எடுத்துப் போட்டுட்டே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. கை நடுங்கி ஸ்டியரிங் அசைந்தாலும், பழைய வண்டியில் அந்த அசைவு டயருக்குப் போகாமல் தேய்ந்த பெட்டிக்குள்ளேயே செத்துவிடும். மகன் ஓட்டினால் உயிர் போய் வந்த வண்டி, அப்பாவுக்கு நேராகப் போனது இதனால்தான். நாங்கள் அதைப் புது வண்டி மாதிரி ஆக்கிவிட்டோம். இப்போது அவருடைய ஒவ்வொரு நடுக்கத்துக்கும் டயர் பதில் சொன்னது.

இதில் என்ன கொடுமை என்றால், அவர் கேட்டது ரொம்பச் சின்ன வேலை. பெட்டியின் மேல் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் வந்துவிடும். பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும் அவருக்குப் போதும். பட்டறைக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திருகைப் பார்த்தபடி நின்றேன். அவரைக் கம்பெனி வண்டியில் அனுப்பிவிட்டிருந்தேன். நாளைக்கு வாங்க என்று மட்டும் சொன்னேன்.

அந்தோணியிடம் சொன்னேன். அவனிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் தாங்காது.

"லூசாக்கிக் குடுத்துட்டுப் போவும். இத்தன நாளு ஓட்டுனாருல்லா? ஒண்ணும் ஆவலியே."

"குறுக்க ஒரு ஆளு வந்து சட்டுனு ஸ்டியரிங்க ஒடிக்கணும்னா? ஆட்டம் இருந்தா ஒடிக்கறதுக்குள்ள ஏறிரும். அந்தப் பொண்ணுக நடந்து போறத நீ பாக்கலையா?"

"அப்ப மவன்ட்ட சொல்லும்."

"அவுரு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு..."

"லூசாக்கவும் மாட்டீரு, சொல்லவும் மாட்டீரு. வண்டிய வச்சு ஊறுகா போடப் போறீரா?"

சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் கேலியாகச் சொன்னதுதான் கடைசியில் என் முடிவாக இருந்தது. மறுநாள் பெரியவர் வந்ததும் அவரை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன்.

"சாமி, நான் தளர்த்த மாட்டனுங்க. வண்டியையும் குடுக்க மாட்டனுங்க. ஊட்டுல சொல்லவும் மாட்டனுங்க. நீங்களே உங்க பையங்கிட்டச் சொல்லீருங்க. அது வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்."

"என்ற வண்டிய எனக்கே குடுக்காம நீ யாரு கண்ணு புடிச்சு வெக்கறதுக்கு?"

"யாருமில்லீங்க. ரிப்பேரு பண்றவன்."

"பண்ணீட்டயல்ல? குடு."

அவர் சத்தம் போட்டிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் போய்க் காரில் ஏறி, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சாவி அதிலேயே தொங்கியது, ஆனாலும் எஞ்சின் போடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தினமும் வந்து அப்படித்தான் உட்கார்ந்தார். நாங்கள் வேறு வண்டிகளில் வேலை செய்வோம், அவர் நிற்கிற காரில் உட்கார்ந்திருப்பார். அந்தோணிகூட அந்த நாட்களில் வாயைக் குறைத்துக்கொண்டான். டீ வந்தால் அவனே பாதியைக் கீழே கொட்டிவிட்டு, பாதி டம்ளரைக் கொண்டுபோய், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி மறைத்து நின்றுகொள்வான். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். சிந்தினால் இவன் பார்க்காத மாதிரி கூரையைப் பார்ப்பான்.

மகன் போன் செய்தார். இன்னொரு சாமான் வர வேண்டும் என்றேன். மறுபடி செய்தார். வந்துகொண்டிருக்கிறது என்றேன். எனக்குப் பொய் வராது. வந்தாலும் குரலில் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது. ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார், கூட வண்டியைக் கட்டி இழுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு. பெரியவர் அப்போது காரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களால முடியலீன்னா சொல்லீருங்க, ஒண்ணும் குத்தமில்ல. கோயமுத்தூர்ல ஒரு பட்டறை இருக்குதுங்க. அங்க காட்டிக்கறோம். அப்பா தெனமும் இங்க வந்து தவங்கெடக்கறாரு, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். இழுக்க வந்த ஆள் கயிற்றோடு குனிந்துவிட்டான்.

வண்டி கோயமுத்தூர் போனால் என்ன நடக்கும் என்று என் மனதில் ஓடியது. அங்கே பார்ப்பார்கள். ஒரு குறையும் இருக்காது. நல்லாத்தான் இருக்கு என்று கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பல்லடம், உடுமலை வழியாகத் தனியாகப் போவார். எந்த ஊர்க் கடைவீதியில் என்று என் பயம் இடம்கூடப் பார்த்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"ஆட்டம் வண்டியில இல்லீங்க."

"பின்ன?"

அதற்கு மேல் வரவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொன்னவன் நான். வாய் திறந்தபடி நின்றுவிட்டேன். கயிற்றுக்காரன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

"நிறுத்து கண்ணு" என்றார் பெரியவர். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, மகனுக்குத் தெரியும்படி மேலே தூக்கிப் பிடித்தார். சரணடைகிறவர் பிடிப்பதுபோல இருந்தது. கைகள் காற்றில் ஆடின. பக்கத்துச் சாயப் பட்டறையில் மோட்டார் ஓடும் சத்தம்தான் கேட்டது.

மகன் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தும் அவை நிற்கவில்லை. மகனுடைய கையும் சேர்ந்து ஆடியது.

"ஏனுங்கப்பா சொல்லல? எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்கப்பா?"

"சொன்னா சாவியப் புடுங்கிக்குவே."

"அய்யோ, இல்லீங்கப்பா. நான் அப்படிப் பண்ணுவனா?"

கண் கலங்கித்தான் சொன்னார். உண்மையாகவே சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஒரு கை பிடியை விட்டு நழுவி, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது. அது அவருக்கே தெரிந்திருக்காது. பெரியவர் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பெரிய டாக்டர், கூடவே ஒரு ஆள், படியில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மருமகள் ஸ்பூனில் ஊட்டிவிடுகிறாளாம். கம்பெனியில் அவரைப் பார்த்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கிறார்களாம். அவரே சொன்னார். அதைக் கேட்கிற மாதிரி அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தது, மகன் என்னிடம் வந்து ஒரு உதவி கேட்டதால்.

"அண்ணா, ஞாயித்துக்கெழம நீங்க அவரத் தோப்புக்குக் கூட்டீட்டுப் போயிட்டு வர முடியுங்களா? அந்த வண்டியிலதான் போவேங்கறாரு. வேற ஆள ஓட்ட உடமாட்டேங்கறாரு."

போனேன். நான் ஓட்ட, அவர் இடது பக்கம் உட்கார்ந்து வந்தார். எனக்கு அந்த வண்டியை ஓட்டுவது பிடித்திருந்தது என்று சொன்னால் அது பாவம், ஆனாலும் பிடித்திருந்தது. உடுமலை தாண்டும்வரை அவர் எதுவும் பேச மாட்டார். ஒருநாள் மட்டும், "நீ அன்னைக்குப் பாதியிலதான் நிறுத்துனே. ஆனாச் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன். மறுக்க எனக்கு என்ன இருக்கிறது?

தோப்புக்குப் போக மெயின் ரோட்டை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் வேலி வைத்த ஒரு இட்டேரியில் போக வேண்டும். அமராவதித் தண்ணீர் வருகிற வாய்க்கால் கூடவே வரும். கடைசியாக நாங்கள் போன அன்று, அந்த இட்டேரி ஆரம்பிக்கிற இடத்தில் அவர் என் தோளைத் தொட்டார்.

"நிறுத்து கண்ணு. எறங்கு. இங்கிருந்து நான் ஓட்டறேன்."

நான் வண்டியை நிறுத்தினேன், இறங்கவில்லை.

"இது என்ற பூமி. எதுக்க வர்றதுன்னா என்ற மாடுதான் வரும். நடக்கற வேகத்துல போறேன். நீ பக்கத்துல உக்காந்துக்கோ. கொஞ்ச தூரந்தானே."

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. மெதுவாகப் போனால் என்ன ஆகிவிடும்? நானும்தான் பக்கத்தில் இருக்கிறேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம் கேட்டது. தோப்பில் குடியிருந்து வேலை செய்கிறவர்களுடைய பிள்ளைகள். கார் சத்தம் கேட்டாலே ஓடி வந்து முன்னால் நிற்பார்கள். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் வருவார்கள். எந்தச் சந்திலிருந்து வருவார்கள் என்று தெரியாது. நான் அந்த வேலியைப் பார்த்தேன். அவர் மடியில் கிடந்த கையைப் பார்த்தேன். வாய்க்காலைப் பார்த்தேன்.

"வேண்டாமுங்கய்யா. கொழந்தைக ஓடியாருவாங்க."

அவர் அந்த இட்டேரியைக் கடைசிவரை ஒருமுறை பார்த்தார். பிறகு நேராகத் திரும்பி உட்கார்ந்தார்.

"சரிங்க" என்றார். "வண்டியத் திருப்புங்க. ஊட்டுக்குப் போலாமுங்க."

வெளியூரில் இருந்து வந்து இதைப் படிப்பவர்களுக்கு இது ஒன்றும் தோன்றாது. எங்கள் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் ங்க போட்டுத்தானே பேசுகிறார்கள் என்பீர்கள். நேற்றுப் பார்த்தவருக்குப் போடுவோம், கடன் கேட்டு வந்தவருக்குப் போடுவோம், சண்டை போடும்போதுகூடப் போடுவோம். ஆனால் அந்த வயதில் இருக்கிற ஒருவர், நேற்றுவரை கண்ணு என்று கூப்பிட்ட ஒருவனுக்கு ங்க போட்டால், அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம். நான் தோப்புக்குப் போகாமலேயே வண்டியைத் திருப்பினேன். பிள்ளைகள் ஓடி வந்து, நாங்கள் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் இறங்கும்போது, "நெம்ப நன்றிங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, இனித் தோப்புக்குப் போகவில்லையாம் என்று மகன் சொன்னார். வண்டி உறை போட்டு நின்றிருந்தது.

இதில் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்தேன். இந்த அளவுக்குச் சொல்லலாம். நீங்கள் நல்லபடியாக முடித்த வண்டியை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து கெட்டுவிட்டது என்றால், அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். வண்டியின் சத்தத்தைக் கேட்பதோடு அவர் கையையும் பாருங்கள், கண்ணையும் பாருங்கள். நாம் சரிசெய்கிற ஒவ்வொரு குறைக்குள்ளும் யாராவது ஒருவர் குடியிருக்கலாம். அதற்காகக் குறையை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. ரோட்டில் நடக்கிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? திருகைத் தளர்த்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. இட்டேரியில் சாவியைக் கொடுத்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கையைப் பார்த்த பிறகு என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள்தான் நிற்பீர்கள். கூட யாரும் வர மாட்டார்கள்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியவரைத் தூரத்தில் பார்த்தேன். முதல் வரிசையில், பிடித்துக்கொள்ள ஆளோடு உட்கார்ந்திருந்தார். போய் முன்னால் நின்றேன். அடையாளம் தெரிந்தது. "வாங்க, நல்லாயிருக்கறீங்களா, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.